கடைசியில்தான் நிறம்: பெப்லோவின் வழியில் எண்ணெய் வண்ணம் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் சாமுவேல் ஜான் பெப்லோவை நிறத்தின் ஓவியர் என்றே எல்லோரும் அறிவார்கள். வெளிறிய சுவர், நீலத் துணி, சீனக் குவளையில் சில ரோஜாக்கள், பக்கத்தில் ஓர் ஆரஞ்சு. 1920களில் அவர் வரைந்த இந்த வகைப் படங்களைப் பார்த்துவிட்டு, கடைக்குப் போய்ப் பளிச்சென்ற வண்ணக் குழாய்களாகப் பொறுக்கி வருபவர்கள் பலர். வரைந்து முடித்தால் படம் கூச்சலிடும். பெப்லோவின் அமைதி வராது. அந்த நிறத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது நாற்பது வயதை நெருங்கிவிட்டார். அதற்கு முன் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் கறுப்பு, வெள்ளை, சாம்பல், மண் நிறங்கள் ஆகியவற்றோடுதான் மல்லுக்கட்டினார். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் செல்கிறது. பொறுமை இல்லாதவர்கள் நேராக ரோஜாப் பகுதிக்குத் தாவலாம். ஆனால் திரும்பி வர வேண்டியிருக்கும்.

எண்ணெய் வண்ணத்தின் அரிச்சுவடி, அதாவது தூரிகை கழுவுவது, வண்ணம் கலப்பது, கேன்வாஸ் பூசுவது ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆளைப் பற்றிச் சிறிது

1871இல் எடின்பரோவில் பிறந்தார். தந்தை வங்கி அதிகாரி. பெற்றோர் இருவரையும் சிறு வயதிலேயே இழந்தார். சட்ட அலுவலகம் ஒன்றில் கொஞ்ச காலம் வேலை பழகி, அது ஒத்துவராமல் ஓவிய வகுப்பில் சேர்ந்தார். 1894இல் பாரிஸ் சென்று அகாதெமி ஜூலியன், அகாதெமி கொலரோசி என்ற இரண்டு தனியார் பயிற்சிக்கூடங்களில் படித்தார். ஜூலியனில் பூகரோ போன்ற பெரிய பெயர்கள் வந்து திருத்திச் செல்வார்கள். பூகரோவின் மெழுகு போட்டதுபோன்ற வழவழப்பு பெப்லோவுக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் மாடலை எதிரில் நிறுத்திக் கரித்துண்டால் நாள்கணக்கில் வரையும் அந்தக் கூடத்தின் ஒழுங்கு அவர் கையில் தங்கிவிட்டது. 1895இல் ஹாலந்து சென்று அந்நாட்டின் பழைய ஓவியர்கள் ரெம்பிராண்ட், ஃபிரான்ஸ் ஹால்ஸ் ஆகியோரின் படங்களைப் பார்த்தார். ஹால்ஸின் தூரிகை வீச்சும் பாரிஸில் கண்ட பிரெஞ்சு ஓவியர் மனேயின் கறுப்பும் அடுத்த பத்தாண்டுகளுக்கு அவருடைய முதலீடு.

பெப்லோ, கடெல், ஃபெர்குசன், ஹண்டர் ஆகிய ஸ்காட்லாந்து ஓவியர்கள் நால்வரையும் ‘ஸ்காட்டிஷ் கலரிஸ்ட்கள்’ என்று சேர்த்துச் சொல்வது வழக்கம். பெப்லோ இறந்தது 1935இல். இந்தப் பெயர் நிலைத்தது அதற்கும் பல ஆண்டுகள் கழித்து. வாழ்ந்த காலத்தில் அவர்கள் ஒரு குழுவாக இயங்கியதில்லை, சில முறை சேர்ந்து காட்சி வைத்ததோடு சரி. விற்பனைக்கு வசதியான இந்த முத்திரைதான் நம்மை முதலில் நிறத்தைப் பார்க்க வைத்துக் கெடுக்கிறது என்பது என் எண்ணம்.

படி 1: நான்கு படங்களைக் கறுப்பு வெள்ளையில் பாருங்கள்

பிரிட்டனின் பொதுத் தொகுப்புகளில் உள்ள படங்களை ‘ஆர்ட் யூகே’ இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எடின்பரோவின் தேசியக் காட்சியகங்களிடமும் கிர்காடி நகரக் காட்சியகத்திடமும் பெப்லோவின் படங்கள் நிறைய உள்ளன. 1902ஐ ஒட்டிய ‘சிரிக்கும் மனிதன்’, 1905ஐ ஒட்டிய ‘கறுப்புப் பாட்டில்’, 1910இன் ‘ருவாயான் படகுகள்’, 1920களின் ஏதேனும் ஒரு ரோஜா அல்லது டூலிப் படம் ஆகிய நான்கையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொன்றையும் தொலைபேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். முதல் இரண்டும் நிறம் போனதால் பெரிதாக எதையும் இழக்காது. வியப்பு நான்காவதில்தான். அவ்வளவு நிறம் கொண்ட படம், நிறத்தை உருவிய பிறகும் கலங்காமல் நிற்கும். குவளை சுவரிலிருந்து பிரிந்து தெரியும், பூவின் ஒளிப்பக்கமும் நிழல்பக்கமும் தெரியும். உங்களுடைய பழைய ரோஜாப் படம் ஒன்றையும் இதேபோல் மாற்றிப் பக்கத்தில் வையுங்கள். எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

படி 2: கரித்துண்டு

இதை நீட்டி எழுதத் தேவையில்லை. ஒரு பொருள், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளி, பெரிய தாள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்து, ஒளி ஒரு கூட்டம், நிழல் ஒரு கூட்டம் என்று இரண்டாகப் பிரியுங்கள். நிழலுக்குள் இருக்கும் மிக வெளிச்சமான இடம்கூட, ஒளிக்குள் இருக்கும் மிக இருண்ட இடத்தைவிட இருட்டாகத்தான் இருக்கும். இந்த ஒரு விதி கையில் படியும் வரை தினமும் செய்யுங்கள். மாடல் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கண்ணாடியில் உங்கள் முகம் போதும்.

படி 3: கறுப்புப் பாட்டில்

பெப்லோவின் முதல் பெரும் சாதனை 1900க்கும் 1905க்கும் இடைப்பட்ட ஸ்டில் லைஃப் படங்கள், அதாவது மேசையில் அடுக்கிய பொருள்களின் படங்கள். இருண்ட பின்னணி, வெள்ளைத் துணி, ஒயின் பாட்டில், எலுமிச்சை, வெள்ளிக் காபிக் குவளை. அந்தக் காலத்து ‘காபிக் குவளை’ படம் ஒன்று 2011இல் ஒன்பது லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. நிறத்தின் ஓவியருக்கு அந்த விலையைப் பெற்றுத் தந்தது பெரும்பாலும் கறுப்பாலும் வெள்ளையாலும் ஆன படம் என்பதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி உண்டு.

தேவையானவை: ஏறத்தாழ 30க்கு 40 சென்டிமீட்டர் பலகை அல்லது கேன்வாஸ், முன்கூட்டியே பழுப்பும் சாம்பலும் கலந்த நடுத்தர இருட்டில் பூசி நன்றாகக் காயவைத்தது. லேபிள் உரித்த கறுப்புப் பாட்டில், வெள்ளைக் கோப்பை, ஓர் எலுமிச்சை, வெள்ளைத் துணி. வண்ணங்கள் ஐந்துதான்: டைட்டானியம் வெள்ளை, ஐவரி பிளாக், எல்லோ ஆக்கர், லைட் ரெட், எலுமிச்சைக்காக மட்டும் கொஞ்சம் காட்மியம் லெமன். அன்றைய ஓவியர்கள் ஈய வெள்ளையை வைத்திருந்தார்கள். அது நஞ்சு, நமக்கு வேண்டாம்.

நீலம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஐவரி பிளாக்கோடு வெள்ளை சேர்த்தால் வரும் சாம்பல், ஆக்கரின் பக்கத்தில் வைத்தவுடன் நீலமாகத் தெரியும். அதே கறுப்போடு மஞ்சள் சேர்த்தால் அடக்கமான பச்சை வந்துவிடும். ஐந்து குழாய்க்குள் எவ்வளவு நிறம் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதே இந்தப் பயிற்சியின் பாதி.

வேலையை இப்படிச் செய்யுங்கள். தூரிகையைத் தொடும் முன் நான்கு தொனிகளை (இருட்டு, நடு இருட்டு, நடு வெளிச்சம், வெளிச்சம்) பேலட் கத்தியால் தாராளமாகக் கலந்து வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். பிசுக்குப் பிசுக்காகக் கலந்தால் கை தானாகக் கஞ்சத்தனம் கொள்ளும். வண்ணம் இறுக்கமாக இருந்தால் சில துளி ஆளிவிதை எண்ணெய் சேர்த்து, தூரிகை தடையில்லாமல் வழுக்கிச் செல்லும்படி இளக்குங்கள். அகலமான தட்டைத் தூரிகையால் இருட்டை முதலில் போடுங்கள். பாட்டிலும் பின்னணியும் சேரும் விளிம்பைச் சில இடங்களில் தொலைத்துவிடுங்கள், எல்லா விளிம்பும் தெரிந்தால் பாட்டில் கத்தரித்து ஒட்டியதாகிவிடும். பிறகு துணியின் நடு வெளிச்சம், கோப்பை, எலுமிச்சை. ஈரத்தின் மேல் ஈரமாகவே வேலை நடக்க வேண்டும். ஒவ்வொரு வீச்சும் வைத்தவுடன் முடிந்தது. அதைத் தடவி மழுப்பக் கூடாது. பாட்டில் கழுத்தில் மின்னும் வெள்ளை கடைசி வீச்சு, அது தடிப்பாக இருக்கட்டும்.

ஒரே அமர்வில், இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிக்க வேண்டும். சரியாக வராவிட்டால் அன்றைக்கே கத்தியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். மறுநாள் ஒட்டுப்போட்டுத் திருத்துவது இந்த முறைக்கே எதிரானது. ஹால்ஸின் படங்களில் அந்தச் சிரிப்பு உயிரோடு இருப்பதற்கும் பெப்லோவின் ‘சிரிக்கும் மனிதன்’ முகத்தில் சதை அசைவதற்கும் காரணம் இந்தத் தயக்கமின்மைதான்.

எச்சரிக்கை ஒன்று: ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது வெப்பம் உண்டாகித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடிய டப்பாவில் போடுங்கள்.

படி 4: வெள்ளைக்குள் வெள்ளை

1905இல் பெப்லோ எடின்பரோவின் யார்க் பிளேஸில் ஓர் ஓவியக்கூடத்துக்குக் குடிபோனார். ஸ்காட்லாந்தின் தலைசிறந்த முக ஓவியர் ஹென்றி ரேபர்ன் நூறாண்டுகளுக்கு முன் தனக்காகவே கட்டிய இடம் அது. வடக்கு ஜன்னலில் ஒளியைக் கூட்டிக் குறைக்க அடுக்கடுக்கான மரக்கதவுகள் இருந்தன. சுவர்களை மெல்லிய இளஞ்சிவப்பு கலந்த வெளிர் சாம்பலாகப் பூசிவிட்டு, பெப்லோ தன் இருண்ட பின்னணியையே கைவிட்டார். வெள்ளை உடை அணிந்த பெண்கள், வெளிறிய அறை, நீண்ட வேகமான வீச்சுகள். அறை மாறியது, பேலட்டும் மாறியது.

நீங்களும் முதலில் அறையை மாற்றுங்கள். ஜன்னலை அட்டையால் மறைத்து, ஒரு பகுதியை மட்டும் திறந்து வையுங்கள். வெளிர் சாம்பல் தாளைப் பின்னால் மாட்டி, வெள்ளைத் துணியில் வெள்ளைக் கோப்பை, வெள்ளைத் தட்டு, வேறொன்றும் வேண்டாம். எல்லாம் வெள்ளை என்று தோன்றும் அந்தக் காட்சியில் உண்மையான வெள்ளை ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கும். அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, குழாய் வெள்ளையை அதற்கு மட்டும் ஒதுக்குங்கள். மற்றதெல்லாம் ஆக்கரும் கறுப்பும் சிவப்பும் தொட்ட சாம்பல்கள். ஜன்னலைப் பார்க்கும் பக்கம் குளிர்ச்சியாகவும் நிழல்பக்கம் வெதுவெதுப்பாகவும் சாயும்.

பின்னால் வரும் ரோஜாப் படங்களில் நிறங்களைத் தாங்கிப் பிடிப்பவை இந்தச் சாம்பல்கள். ஆகையால் இந்தப் படியை எவ்வளவு காலம் வேண்டுமானாலும் இழுக்கலாம்.

படி 5: சிறு பலகையோடு வெளியே

1904 முதல் கோடைகளில் பெப்லோவும் நண்பர் ஃபெர்குசனும் வட பிரான்ஸ் கடற்கரைகளில் சிறு மரப்பலகைகளில் வரைந்தார்கள். பையில் அடங்கும் பெட்டி, அதற்குள்ளேயே வண்ணமும் பலகையும். 15க்கு 20 சென்டிமீட்டர் அளவே போதுமானது. அந்த அளவில் நுணுக்கத்துக்கு இடமில்லை. வானம், நிலம், ஒரு கட்டடம் அல்லது ஒரு படகு. மூன்று பெரும் பரப்புகளை முதலில் போட்டுவிட்டு, ஒளி மாறுவதற்குள், முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுங்கள்.

நிறம் இங்கேதான் நுழைகிறது. 1910இல் திருமணம் முடித்துப் பாரிஸுக்குக் குடியேறினார் பெப்லோ. ஓவியர் மத்தீஸும் அவர் கூட்டாளிகளும் பளிச்சென்ற நிறங்களால் ஏற்கெனவே அந்நகரைக் கலக்கியிருந்தார்கள். அந்தக் கோடையில் மேற்கு பிரான்ஸின் ருவாயான் துறைமுகத்தில் வரைந்த பலகைகளில் வண்ணம் தடித்த துண்டுகளாக, கிட்டத்தட்டக் கலக்காமலேயே விழுகிறது. அவசரமாகத் தோன்றும் அந்தப் பலகைகளிலும் தொனி தவறுவதில்லை என்பதைக் கவனியுங்கள். இப்போது நீங்களும் பேலட்டில் அல்ட்ராமரைன், விரிடியன், காட்மியம் மஞ்சள், காட்மியம் சிவப்பு, அலிசரின் கிரிம்சன் ஆகியவற்றைச் சேர்க்கலாம். கறுப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள்.

1912இல் ஸ்காட்லாந்து திரும்பியபோது, முன்பு அவர் படங்களை விற்ற காட்சியகத்துக்கே இந்தப் புதிய படங்கள் பிடிக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகள் அவர் பிரெஞ்சு ஓவியர் செசானின் பாணியோடு போராடினார். அழுத்தமான வெளிக்கோடுகள், தட்டையாக மடிந்த பரப்புகள். 1913ஐ ஒட்டிய இந்தப் படங்களில் சில எனக்கு விறைப்பாகவே தெரிகின்றன. ஆனாலும் ஒரு பாடம் உண்டு. இரண்டு பொருள்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்துக்கும் ஒரு வடிவம் இருக்கிறது; பொருளை வரைவதற்குப் பதில் அந்த இடைவெளியை வரைந்து பழகுங்கள்.

படி 6: உறிஞ்சும் வெள்ளைத் தளம்

முதல் உலகப் போரின் இறுதியையொட்டி பெப்லோவும் கடெலும் உறிஞ்சும் தன்மை கொண்ட வெள்ளை ஜெஸ்ஸோ தளத்துக்கு மாறினார்கள். சாக்குத் தூளும் (வெள்ளைச் சுண்ணக்கல் பொடி) விலங்குப் பசையும் சேர்ந்த தளம் அது. வண்ணத்திலுள்ள எண்ணெயை அது இழுத்துக்கொள்வதால், பரப்பு பளபளப்பு இழந்து சுவரோவியத்தைப் போல மங்கலாக, உலர்ந்த ஒளியோடு நிற்கும். அடியிலுள்ள வெள்ளை நிறங்களை உள்ளிருந்து தூக்கிக் கொடுக்கும். ரோஜாப் படங்களின் தோற்றத்தில் பாதி இந்தத் தளத்தின் வேலை.

கடையில் விற்கும் அக்ரிலிக் ஜெஸ்ஸோ இந்த அளவுக்கு எண்ணெயை இழுக்காது. வீட்டிலேயே செய்யலாம். முயல்தோல் பசை ஒரு பங்குக்குத் தண்ணீர் பன்னிரண்டு பங்கு என்ற கணக்கில் இரவு முழுவதும் ஊறவையுங்கள். மறுநாள் ஒரு பாத்திரத்து வெந்நீருக்குள் இன்னொரு பாத்திரமாக வைத்து மிதமாகச் சூடாக்கிக் கரையுங்கள். கொதித்தால் பசையின் பிடிமானம் போய்விடும். அதில் கொஞ்சத்தைத் தனியே எடுத்து ஒரு பூச்சு பூசிக் காயவையுங்கள். மீதியில் சுத்தமான சாக்குத் தூளைச் சிறிது சிறிதாகத் தூவி, நுரை வராமல் மெதுவாகக் கிளறி, தோசை மாவைவிடச் சற்று நீர்த்த பதத்துக்குக் கொண்டுவாருங்கள். மெல்லிய பூச்சுகளாக நான்கைந்து, ஒன்றுக்கொன்று குறுக்காகப் பூசுங்கள். காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள், முகக்கவசம் கட்டாயம்.

இந்த ஜெஸ்ஸோ வளைந்து கொடுக்காது, தளர்ந்த துணியில் வெடித்துவிடும். எனவே பிளைவுட் அல்லது ஹார்ட்போர்டில் செய்வது நல்லது. முதல் வீச்சிலேயே வண்ணம் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால் தளம் அளவுக்கு மீறி உறிஞ்சுகிறது என்று பொருள். மேலே ஒரு மெல்லிய பசைப் பூச்சு அதைத் தணிக்கும்.

படி 7: அடுக்குவது

வரைவதைவிட இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். பெப்லோ பொருள்களை நகர்த்தி நகர்த்தி, நாள்கணக்கில் அடுக்கிப் பார்ப்பவர். எல்லாம் முடிவான பிறகே தூரிகை எடுப்பார், அப்புறம் வேகம்தான். ஆண்டுக்கணக்கில் அதே குவளை, அதே விசிறி, அதே பழங்கள், அதே துணிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. வெறும் பொருள்களில், பூவிலும் இலையிலும் குவளையிலும், இருக்கும் புதிருக்கு முடிவே தெரியவில்லை என்ற கருத்தில் 1929இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

சீனக் குவளை தேடி அலைய வேண்டாம், நல்ல வடிவமுள்ள எந்தக் குவளையும் ஆகும். துணிகளும் வண்ணத் தாள்களும் சில வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு துணி மேசையின் ஓரத்தைச் சாய்வாக வெட்ட வேண்டும். இன்னொன்று பின்னணியில் கூரான கோணம் தர வேண்டும். வளைவான பொருள்களுக்கு எதிராக இந்த நேர்க்கோடுகள் வேண்டும். உரத்த நிறம் ஒன்று மட்டும் இருக்கட்டும். மற்றவை அதற்குப் பதில் சொல்லும் அளவில் நிற்கட்டும். ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் காலை புதிய கண்ணோடு பார்த்து, எடுக்கக்கூடிய பொருள் ஒன்றை எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் எடுக்க ஏதாவது இருக்கும். பூக்களை மட்டும் கடைசியில் வாங்குங்கள், அவை காத்திருக்காது.

படி 8: ரோஜா

அடுக்கியதை டர்பன்டைனில் கரைத்த நீலத்தால் சில கோடுகளில் வரைந்துகொள்ளுங்கள். முதலில் பின்னணி, மேசை, துணி ஆகிய பெரும் பரப்புகள். பூவை முதலில் வரைந்துவிட்டுப் பின்னணியை அதைச் சுற்றி நிரப்புவது பலரும் செய்வது. பூ செத்துப்போவதும் அதனால்தான். பூவின் இளஞ்சிவப்பு எவ்வளவு வெளிச்சம் என்பதைப் பின்னணியின் சாம்பல் இருந்தால்தானே முடிவு செய்ய முடியும்?

ரோஜாவை இதழ் இதழாக எண்ணாதீர்கள். ஒளிப்பக்கம், நிழல்பக்கம், நடுவில் ஒரு சூடான ஆழம் என்று மூன்று பரப்பாகப் பாருங்கள். அகலத் தூரிகையால் ஒவ்வொரு பரப்பையும் ஒன்றிரண்டு வீச்சில் வையுங்கள். தளம் உறிஞ்சுவதால் வீச்சு வைத்த இடத்திலேயே நின்றுவிடும். படி 3இல் பெற்ற கைப்பழக்கம் இங்கே கைகொடுக்கும். நிழலுக்குக் கறுப்பு சேர்க்காமல் நிறத்தால் நிழல் செய்யுங்கள். வெள்ளைத் துணியின் நிழலில் ஊதாவோ நீலமோ, ஆரஞ்சின் நிழலில் அலிசரின். இலைக்கு விரிடியனைத் தனியே போட்டால் பிளாஸ்டிக்காகத் தெரியும். காட்மியம் சிவப்பில் ஒரு துளி சேர்த்து அடக்குங்கள்.

பரப்புகளுக்கு இடையே அங்கங்கே வெள்ளைத் தளம் எட்டிப் பார்த்தால் மூட வேண்டாம். நடுவில் ஒரு முறை தொலைபேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பெப்லோவிடம் இந்த வசதி இல்லை. அவருக்குப் பதினைந்து ஆண்டுப் பழக்கம் இருந்தது.

படி 9: நிறத்தைக் குறைத்துப் பாருங்கள்

1920 முதல் பெப்லோ கடெலோடு ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலோரத்து அயோனா தீவுக்குப் போகத் தொடங்கினார். வட முனையின் பாறைகள், வெள்ளை மணல், பச்சைக் கடல். மேகம் நகரும் வேகத்தில் ஒளி மாறும் அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனார். இருபதுகளின் பிற்பகுதியில் அவருடைய ஸ்டில் லைஃப்களிலும் சாம்பலும் மங்கிய பச்சையும் மீண்டு வந்தன, வண்ணம் கனத்தது. சந்தை இந்தக் காலத்தை அதிகம் கொண்டாடுவதில்லை. எனக்கு இவை பிடிக்கும். 1933ஐ ஒட்டி எடின்பரோ கலைக் கல்லூரியில் சிறிது காலம் கற்பித்ததும் இந்தக் கட்டத்தில்தான்.

பயிற்சி இதுதான்: படி 8இல் வரைந்த அதே அடுக்கை, ஒளி மங்கிய ஒரு நாளில், உரத்த நிறங்களை எல்லாம் பாதியாகத் தணித்து மீண்டும் வரையுங்கள். எந்தச் சாம்பல் எந்த நிறத்தின் பக்கம் சாய்கிறது என்பது மட்டுமே கேள்வி.

வரைந்த பிறகு

வார்னிஷ் பூசாதீர்கள். கடெல் தன் படங்களின் பின்புறத்தில், இது உறிஞ்சும் தளம், ஒருபோதும் வார்னிஷ் பூசாதீர்கள் என்று எழுதியே வைத்தார். சாக்குத் தூள் காற்றோடு இருக்கும்வரைதான் வெள்ளை. எண்ணெயோ வார்னிஷோ அதற்குள் இறங்கினால் ஒளி சிதறாமல் ஊடுருவிப் போய்விடும், தளம் கண்ணாடித்தன்மை அடைந்து படம் இருண்டுவிடும். திரும்ப எடுக்கவும் முடியாது. நீங்களும் பலகையின் பின்னால் தளத்தின் விவரத்தையும் நாளையும் பென்சிலால் எழுதிவிடுங்கள். பிற்காலத்தில் யாராவது நல்லெண்ணத்தில் வார்னிஷ் டப்பாவோடு வரக்கூடும்.

பாதுகாப்புக்குக் கண்ணாடிச் சட்டம் போடலாம், கண்ணாடி வண்ணத்தைத் தொடாதபடி ஓரத்தில் மெல்லிய மரப்பட்டி கொடுத்து. ஈரச் சுவரில் மாட்ட வேண்டாம், பசை ஈரத்தில் இளகும். தூசி படிந்தால் உலர்ந்த மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள், ஈரத் துணி கூடாது.